யாரோ சோறு வைத்தார்கள்

அந்த அக்காவை ஒரு வீட்டுக்குள் நான் பார்த்தது ஒரே ஒரு முறைதான். அது அவருடைய சொந்த வீடு. மற்றபடி, பன்னிரண்டு வருடமாக எங்கள் குடியிருப்பில் எல்லா வீட்டுக்கும் வெளியேதான் நின்றார். கேட்டுக்கு வெளியே, பந்தலுக்கு வெளியே, கோயில் கம்பி வேலிக்கு வெளியே. யார் கூப்பிட்டாலும் ஒரே பதில்.

"இருக்கட்டும். நான் இங்கனயே நிக்கிறேன். கை வாடை."

ஈப்போ பசாரில், அந்தப் பெரிய சந்தையில், ஒரு சீனத் தவுக்கேயின் கோழிக்கடையில் அவருக்கு வேலை. தவுக்கே என்றால் முதலாளி. கோழி உரித்து, வெட்டி, குடலெடுத்துக் கொடுக்க வேண்டும். இருட்டோடு காய்கறி வேனில் ஏறிப் போவார். மதியம் பஸ்ஸில் வந்து இறங்குவார். காலில் ரப்பர் பூட்ஸ், இரண்டு கையிலும் கனமான பிளாஸ்டிக் பை. எலுமிச்சைத் தோல், உப்பு, துணி துவைக்கும் தூள், எதைப் போட்டுத் தேய்த்தாலும் வாடை போகவில்லை என்பார். தேய்த்துத் தேய்த்து விரல் இடுக்கெல்லாம் வெடித்திருக்கும். எனக்கு அவர் பக்கத்தில் ஒரு வாடையும் வந்ததில்லை. சோப்பு மணம்தான் வந்தது. அதை அவரிடம் நான் சொன்னதில்லை. சொல்லியிருக்கலாம்.

நான் பெரிய படிப்பு படித்தவன் இல்லை. தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு சரி. தொழிற்சாலை வேன் ஓட்டிப் பிள்ளைகளைக் கரையேற்றினேன். எங்கள் தோட்டம் கைமாறி, ரப்பர் மரமெல்லாம் சாய்ந்து, எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்தபோது, லயத்துக் கூலி வீடுகளில் இருந்தவர்களுக்கு நான்கு வரிசை வீடு கட்டிக் கொடுத்தார்கள். மாரியம்மன் கோயிலை மட்டும் அதே இடத்தில் விட்டுவிட்டார்கள். வேலையை விட்ட பிறகு அந்தக் கோயிலைக் கூட்டிப் பெருக்கி, விளக்கேற்றி, மணி அடிப்பது என் பொறுப்பு. கோயிலுக்குப் பின்னால் ஒரு பெரிய லோங்காங் ஓடுகிறது. மழைத் தண்ணீர் போகிற அந்தக் கால்வாயைத் தாண்டினால் கடைசி வரிசை. அதிலும் கடைசி வீடு அவருடையது. நான் இங்கே நின்று சத்தமாகக் கூப்பிட்டால் அங்கே கேட்கும். அவ்வளவு பக்கம்.

செவ்வாய், வெள்ளிகளில் அவர் கோயில் வழியாக வரமாட்டார். பஸ் நிற்கும் இடத்திலிருந்து அவர் வீட்டுக்குக் கோயில் வாசலை ஒட்டிய பாதைதான் குறுக்குவழி. ஆனால் கையில் கோழிப் பை இருக்கிறதே என்று நான்கு வரிசையையும் சுற்றிக்கொண்டு போவார். கொளுத்துகிற வெயிலாக இருந்தாலும் அப்படித்தான். மனைவியிடம் அதைச் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன். "பாரு, யாரும் சொல்லித் தரல. பயபக்தின்னா அதுதான்."

என் மனைவி, "அந்த அக்காவுக்குக் கால் வலிக்கும்லா" என்றாள். நான் அதைக் காதில் வாங்கவில்லை.

பைகளில் இருப்பது பூனைகளுக்கு. கோழித் தலை, கழுத்து, குடல், கால். கோயிலுக்குப் பின்னால், வேலிக்கு அந்தப் பக்கம், மதியம் ஆனால் பத்துப் பதினைந்து தெருப்பூனைகள் வரிசையாக வந்து உட்கார்ந்திருக்கும். தோட்டத்தில் விடியற்காலையில் வேலைக்குப் பேர் கொடுக்க நிற்போமே, பெரட்டு, அதே மாதிரி. நான் கிண்டல் பண்ணுவேன்.

"என்னக்கா, பெரட்டு எடுத்தாச்சா?"

"ரெண்டு பேரு மட்டம் தம்பி. கிராணியும் இன்னும் வரல. ஆபீஸ் ஆளுல்ல, லேட்டாத்தான் வரும்."

கிராணி என்பது ஒரு கொழுத்த வெள்ளைப் பூனை, தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தாவின் பேர் அதற்கு. காது கிழிந்த கறுப்பனுக்குக் கங்காணி என்று பேர். எல்லோரையும் அதட்டிவிட்டுக் கடைசியில்தான் அது சாப்பிடும். அவர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். கங்காணியிடம் வாங்கிய ஏச்சையெல்லாம் அந்தப் பூனையிடம் திருப்பிக் கொடுப்பார். "என்னா மொறைக்கிற? எம்மரத்துல பால் கொறஞ்சிருச்சா?" என்பார். அப்போது மட்டும் அவர் முகம் வேறு மாதிரி இருக்கும்.

ஆனால் ஒன்று. ஒரு பூனையையும் அவர் தொட்டதில்லை. தீனியைக் கொட்டிவிட்டு நாலடி பின்னால் போய் நின்றுகொள்வார். ஒருநாள் கிராணி அவர் காலில் உரச வந்தது. சட்டென்று பூட்ஸை இழுத்துக்கொண்டார்.

"ஏங்க்கா, ஆசையா வருது, தடவிக் குடுத்தா என்ன?"

"வேணாம் தம்பி. தொட்டா பழகிரும். பழகிட்டா, நான் ஒருநாள் வரலன்னா தேடும். பாவம்லா."

என் மூத்த மகள் கல்யாணத்துக்கு நீலப் புடவை கட்டி, தலையில் பூ வைத்துக்கொண்டு வந்தார். நான் பந்தலில் ஆட்களைக் கவனித்துக்கொண்டிருந்தேன். சாப்பாட்டு நேரத்தில் காணோம். தேடினால், சட்டி கழுவுகிற இடத்தில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். என் மனைவி ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்தாள்.

"என்னாக்கா இது! மணவறைக்கு வந்து புள்ளைய வாழ்த்துங்க."

கையை வெடுக்கென்று பின்னால் ஒளித்துக்கொண்டார். "நல்ல காரியத்துல என் கை எதுக்கு தங்கச்சி? இங்கனருந்தே வாழ்த்திட்டேன். அம்மன் பாத்துக்குவா." அங்கேயே நின்றபடி ஒரு தட்டில் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போனார். புருஷன் தோட்டத்திலேயே இறந்துபோனார், பிள்ளை இல்லை, பாகான் டத்தோவில் ஒரு தங்கை இருக்கிறார். அவரைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மேலே யாரும் கேட்கவில்லை.

இனி அந்த மார்கழியைச் சொல்ல வேண்டும்.

மார்கழி மாதம் முழுவதும் விடியலில் கோயிலில் பூசை உண்டு. நானும் சைவம். ஒருநாள் விளக்கேற்ற வந்தபோது அம்மன் வாசற்படியில் ஒரு கோழிக்கால் கிடந்தது. பூனை இழுத்து வந்து போட்டிருக்கிறது. எனக்குக் கோபம். அன்று மதியம் அவர் பையோடு வந்தபோது வேலிக்கு இந்தப் பக்கம் நின்று சொன்னேன். குரலை உயர்த்தவில்லை. ஆனாலும் சொன்னேன்.

"அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. மார்கழி. நாலு பேரு வந்து போற எடம். இந்தத் தீனிய வேற எங்கயாவது வச்சுக்கலாமே."

அவர் முகம் சிறுத்துப்போயிற்று. "ஐயோ, அம்மன் படியிலயா? எனக்குத் தோணவே இல்லியே தம்பி. நான் தள்ளிப் போயிக்கிறேன்."

மறுநாளிலிருந்து, ரப்பர் பாலை உறைய வைத்த பழைய ஸ்டோர் இடிந்து கிடக்கிறதே, அங்கே கொண்டுபோய் வைத்தார். பூனைகளும் அவர் பின்னால் போய்விட்டன. ஒரு வாரம் கோயில் சுத்தமாக இருந்தது.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. அந்த மழையில் பூனைகள் எல்லாம் திரும்பவும் கோயிலுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்துகொண்டு கத்த ஆரம்பித்தன. மதியம் தொடங்கினால் பொழுது சாயும் வரை கத்தும். அவரைக் காணவில்லை. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? மார்கழி என்று மரியாதையாக ஒதுங்கி நிற்கிறார் என்று நினைத்தேன். பூனைகளுக்குத்தான் பழைய இடம் மறக்கவில்லை என்று நினைத்தேன். மனைவியிடமும் சொன்னேன், "சொன்னா புரிஞ்சிக்கிற ஆளு. கோயில் பக்கமே வரல பாரு."

நான்கு நாள், ஐந்து நாள். கத்தல் தாங்கவில்லை. இரண்டு மூன்று பூனைகள் கண்ணில் நீர் வடிந்து, தலை ஆடி, ஒரு மாதிரியாக இருந்தன. கோயில் குழாயில் ரப்பர் ஓஸ் மாட்டி, கீச்சென்று திருகி, தண்ணீரை வேகமாக அவற்றின் மேல் அடித்தேன். அன்றும் அடித்தேன், மறுநாளும் அடித்தேன். மூன்றாம் நாள் ஒன்றுகூட வரவில்லை. செம்பனை ஓரத்தில் மூன்று செத்துக் கிடந்தன. அதில் ஒன்று கங்காணி. மண்வெட்டி எடுத்துப்போய் நானே புதைத்தேன். பாவம் என்று கொஞ்சம் விபூதியும் போட்டேன். என்னை நல்லவன் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

அதற்கும் சில நாள் கழித்து அவர் வந்தார். கழுத்தைச் சுற்றி ஒரு துண்டு. கன்னம் ஒட்டியிருந்தது. வழக்கமான இடத்தைவிட இன்னும் தள்ளி நின்றார்.

"என்னக்கா, ஆளையே காணோம்?"

"லேசா காய்ச்சல் தம்பி. இப்ப தேவல."

"பூனைங்க ஒரே தொந்தரவாப் போச்சுக்கா. மூணு செத்துப்போச்சி. கங்காணியுந்தான்."

அத்தனை நாள் காணாமல்போன ஒருவரிடம் நான் பேசியது இதுதான். கஞ்சி குடித்தீர்களா என்று கேட்கவில்லை. அவர் செம்பனைப் பக்கம் திரும்பினார். "மழையில நனஞ்சிருக்கும்" என்றார்.

அடுத்த ஆடியில்தான் ஒரு பூனை டாக்டர் வந்தது. நம் தமிழ்ப் பெண்தான். கூட ஒரு மலாய்ப் பையன் கூண்டும் பெட்டியும் தூக்கி வந்தான். பசாரையும் கோழிக்கடைகளையும் சுற்றித் திரிகிற தெருப்பூனைகளின் இரத்தத்தைச் சோதிக்கிறார்களாம். பசாரில் யாரோ இவரைக் காட்டியிருக்கிறார்கள். கூண்டுக்குள் மீன் வைத்துப் பார்த்தார்கள். ஒரு பூனையும் உள்ளே போகவில்லை.

"ஆன்ட்டி, நீங்க தூக்கிக் குடுத்தா வரும். ஒங்களத்தான் அதுங்க நம்புது."

"நான் தொட்டதே இல்லியேம்மா."

"கிளவுஸ் போட்டுக்கலாம் ஆன்ட்டி. மாஸ்க்கும் போட்டுக்குங்க."

கையுறை மாட்டிய கையை நீட்டிக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கிராணி வந்து அந்தக் கையில் தலையை வைத்தது. தூக்கினார். மடியில் வைத்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"தம்பி, என்னா சூடு! பூனை இவ்ளோ சூடாவா இருக்கும்?"

ஒவ்வொன்றாக ஒன்பது பூனைகளை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டார். டாக்டர் இரத்தம் எடுத்தது. அன்று மதியம் மட்டும் அவர் எங்கும் தள்ளி நிற்கவில்லை.

பிறகு டாக்டர் பாரத்தைப் பார்த்துக் கேள்வி கேட்டது. என்ன தீனி? பச்சையாகவா, வேகவைத்தா?

"வேக வச்சா மூஞ்சத் திருப்பிக்கும்மா. பச்சையாத்தான். அப்புறம் லாரியில வரும்போதே கூண்டுல ஒண்ணு ரெண்டு செத்துக் கெடக்கும். தவுக்கே அத விக்க மாட்டாரு, தூக்கிப் போடச் சொல்லிருவாரு. நாந்தான் ஒளிச்சு எடுத்தாருவேன்."

"செத்த கோழியா ஆன்ட்டி?"

"தோட்டத்துல செத்த கோழிய யாரும்மா பொதச்சா? நாய்க்கும் பூனைக்கும்தான் போடுவோம். ஒண்ணும் ஆவாது."

அந்தப் பெண் பேனாவை மூடிவிட்டு நிதானமாகச் சொன்னது. பறவைகளுக்கு வருகிற காய்ச்சல் ஒன்று இருக்கிறது. நோய் கண்ட கோழியைப் பச்சையாகத் தின்றால் பூனைக்கும் ஒட்டலாம். சில பூனை செத்துப்போகும். சிலதுக்கு வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. ஆனால் வந்துபோனதற்கு இரத்தத்தில் தடயம் இருக்கும். அதைத்தான் தேடுகிறோம் என்றது.

அவர் கையுறையைக் கழற்றவே இல்லை. "மார்கழியில மூணு செத்துச்சே. அது நான் குடுத்ததுலயா?"

"இப்ப சொல்ல முடியாது ஆன்ட்டி. பொதச்சது பொதச்சதுதான். இருக்கிறதுக்கு ரிசல்ட் வரட்டும்."

ரிசல்ட் வர ஒன்றரை மாதம் ஆகும் என்றார்கள். அந்த ஒன்றரை மாதமும் அவர் தூங்கினாரா என்று எனக்குத் தெரியாது. செத்த கோழியைத் தொடுவதை விட்டார். கழுத்தையும் குடலையும் குழைய வேகவைத்து, ஆற வைத்து, சோற்றில் பிசைந்து கொண்டுவந்தார். பூனைகள் முகத்தைத் திருப்பின. பசித்தபோது தின்றன. "கங்காணிக்கு நாந்தான் வெஷம் வச்சேன்" என்று ஒருநாள் சொன்னார். எங்கள் கேட்டுக்குக்கூட அவர் வரவில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கமே நின்று பேசுவார்.

"ஏங்க்கா அவ்ளோ தூரம்?"

"எங்கிட்டயும் இருந்துச்சின்னா? ஒங்க வீட்ல பேரப்புள்ள இருக்கு தம்பி."

அவர் அப்படித் தள்ளி நின்றது எனக்கு நிம்மதியாக இருந்தது. அம்மனுக்குத் தெரியும், பொய் சொல்லவில்லை. நிம்மதியாகத்தான் இருந்தது.

டாக்டர் போன் செய்தது எனக்கு. அவரிடம் போன் கிடையாது.

"அங்கிள், ஆன்ட்டி ஒங்க நம்பரத்தான் குடுத்திருக்காங்க. தம்பின்னு எழுதியிருக்கு. சொந்தத் தம்பிங்களா?"

"இல்லம்மா. பக்கத்துல இருக்கோம், அவ்ளோதான்."

நாலு பூனையின் இரத்தத்தில் தடயம் இருக்கிறதாம். அதில் கிராணியும் ஒன்று. எப்போதோ வந்து, தானே சரியாகிவிட்டது. இப்போது நோய் எதிலும் இல்லை. பயப்பட வேண்டாம், பச்சையாக மட்டும் போட வேண்டாம் என்றது. பிறகு ஒரு கேள்வி.

"அந்தப் பூனைங்க செத்த சமயத்துல ஆன்ட்டிக்குக் காய்ச்சல் ஏதும் வந்துச்சா அங்கிள்? எத்தன நாளு? மூச்சுத் திணறல் இருந்துச்சா? யாரு பாத்துக்கிட்டாங்க?"

வந்தது என்று மட்டும் சொல்ல முடிந்தது. மற்ற மூன்றுக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன்.

லோங்காங் மேல் இருக்கும் பலகையைத் தாண்டி அவர் வீட்டுக்குப் போனேன். இத்தனை வருடத்தில் முதல் முறை. கேட்டில் நின்று கூப்பிட்டேன். "அங்கனயே நில்லுங்க தம்பி, வாரேன் வாரேன்" என்று பதறிக்கொண்டு எழுந்தார். நான் நிற்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.

டாக்டர் சொன்னதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே கட்டிலில் உட்கார்ந்தார்.

"வந்துட்டுப் போயிருச்சா? நம்மகிட்ட ஒரு வார்த்தை சொல்லாமலயா?" சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அப்ப கிராணி தாங்கிருச்சி."

"ஒங்களுக்கு அப்ப எத்தன நாளுக்கா காய்ச்சல்?"

"எட்டு நாளு இருக்கும். மொத மூணு நாளு எந்திரிக்கவே முடியல. மூச்சு வாங்குச்சி. பானையில தண்ணி இருந்துச்சி, பிஸ்கட் இருந்துச்சி."

"ஒரு கொரல் குடுத்திருக்கலாமேக்கா."

"கொரல் எங்க வந்துச்சி?" கட்டிலுக்கு மேலே இருந்த ஜன்னலைக் காட்டினார். அதன் வழியே எங்கள் கோயிலின் பின்சுவர் தெரிந்தது. குழாய்கூடத் தெரிந்தது. படுத்துக்கொண்டு பார்த்தால் ஆகாயம் மட்டும்தான் தெரியும் என்றார். "ஆனா எல்லாம் கேக்கும் தம்பி. நீங்க மணி அடிக்கிறது கேக்கும். பூனைங்க கத்துனது கேட்டுச்சி. சரி, இதுங்க கத்துறதப் பாத்து, எங்கடா இந்தப் பொம்பளைன்னு யாராவது வருவாங்கன்னு படுத்துக் கெடந்தேன். நாளு ஆவ ஆவ எனக்காகக்கூட இல்ல, அதுங்க பசியில கத்துதேன்னுதான் அழுகையா வந்துச்சி. அப்புறம் ஒருநாள் சத்தமே இல்ல. அப்பாடா, யாரோ சோறு வச்சிட்டாங்க. அன்னைக்கித்தான் தம்பி நல்லாத் தூங்குனேன். வேர்த்துக் கொட்டி, காய்ச்சல் எறங்குனதும் அன்னைக்கித்தான்."

ஜன்னலை விட்டு என் பக்கம் திரும்பினார்.

"யாரு வச்சாங்கன்னு ரொம்ப நாளு யோசிச்சேன். கோயில் பக்கம் வேற யாரு வாரா? நீங்கதான தம்பி? மார்கழியில சைவத்தோட சைவமா இருந்துக்கிட்டு, அதுங்களுக்குச் சோறு வச்சீங்களே. அதான் டாக்டரம்மா கேட்டப்ப ஒங்க பேரச் சொன்னேன். தம்பின்னு போட்டுட்டேன். கோவிச்சுக்காதீங்க."

இல்லை அக்கா என்று சொல்ல வாய் எடுத்தேன். தினமும் தேவாரம் பாடுகிற வாய். ஒரு வார்த்தை வரவில்லை. அவர் என் மௌனத்தை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். அவசரமாகக் கை கழுவி, துடைத்து, மறுபடி கழுவி, எனக்கு ஒரு கோப்பை தேநீர் கலக்கிக் கொடுத்தார். குடித்தேன். சோப்பு மணம்தான் வந்தது.

மறுநாள் நானே காரில் அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். பின் சீட்டில், கதவோரமாக ஒடுங்கி உட்கார்ந்து வந்தார். இரத்தம் எடுத்துப் பார்த்து, இப்போது நோய் ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். அந்த எட்டு நாள் வந்தது என்ன காய்ச்சல் என்பது தெரியாமலே போயிற்று.

அடுத்த வருடம் முழங்கால் முடியாமல் வேலையை விட்டார். பாகான் டத்தோவிலிருந்து தங்கை மகன் கார் கொண்டுவந்து கூட்டிப்போனான். புறப்படும்போது எங்கள் கேட்டுக்கு வந்தார். என் மனைவி இழுத்தும் உள்ளே வரவில்லை.

"பூனைங்கள நெனச்சிதான் கவலையா இருந்துச்சி. அப்புறம் நீங்க இருக்கீங்கன்னு மனசத் தேத்திக்கிட்டேன். ஒங்களுக்குத்தான் ஏற்கனவே பழக்கமாச்சே. நல்லா வேக வச்சிருங்க தம்பி."

"சரிக்கா" என்றேன். கடைசி வாய்ப்பு அது. அதையும் விட்டுவிட்டேன்.

இப்போது நான்தான் வைக்கிறேன். கோழிக் கழுத்து வாங்கி, குழைய வேகவைத்து, சோற்றில் பிசைந்து, மதியம் வேலிக்கு அந்தப் பக்கம் போய் வைக்கிறேன். வெள்ளிக்கிழமை மட்டும் கோழிக்குப் பதில் நெத்திலி. "திருவிழாவுக்கு வர்ற ஐயருக்குச் சமைக்கிறப்பகூட இவ்ளோ பாக்க மாட்டீங்க" என்று என் மனைவி கிண்டல் பண்ணுகிறாள். கிராணிக்கு வயதாகிவிட்டது. ஆறேழு பூனைகள் வருகின்றன. நான் நாலடி பின்னால் போனால்தான் தட்டில் வாய் வைக்கும். பத்தடி போனால் இன்னும் நல்லது.

வைத்துவிட்டுக் கை கழுவக் கோயில் குழாய்க்கு வருவேன். பழைய பித்தளைக் குழாய். திருகினால் கீச்சென்று ஒரு சத்தம் போடும். அந்தச் சத்தம் கேட்டதும், வாயில் இருக்கும் சோற்றையும் போட்டுவிட்டு, கிராணி முதல் எல்லாம் செம்பனைக்குள் ஓடிவிடுகின்றன. எண்ணெய் விட்டுப் பார்த்தேன். வாஷர் மாற்றிப் பார்த்தேன். சத்தம் போகவில்லை.